மேலே ஓடும் ரயிலா, டிராமா, பஸ்ஸா: பினாங்குத் தீவுக்கு எது சரிப்படும்?

எல்ஆர்டி என்னும் இலகு ரயில் வருகிறது, வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பினாங்குக்காரர்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. 2025 ஜனவரியில் அதன் முத்தியாரா தடத்துக்குப் பணி தொடக்க விழா நடந்த பிறகுதான் எங்கள் பக்கத்து ஒட்டுக்கடையில் பேச்சு மாறியது. "வருமா" போய் "எப்போ வரும்" ஆனது. 2031 என்கிறார்கள். அதுவரை தெற்கே தொழிற்பேட்டை இருக்கும் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வருகிறவர் என்ன செய்வார், 2031க்குப் பிறகும் ரயில் எட்டாத இடத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்டால்தான் மற்ற இரண்டு யோசனைகளும் மறுபடி மேசைக்கு வருகின்றன. டிராம் ஒன்று, பஸ் இன்னொன்று.

முதலில் ரயில். கடலை மண்ணால் மேடாக்கி உருவாக்கும் சிலிக்கோன் தீவில் தொடங்கி, விமான நிலையம், தொழிற்பேட்டை, ஜெலுத்தோங் வழியாகத் தலைநகர் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரத்துக்கு வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டிப் பெருநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலில் முடிகிறது. சுமார் 29 கிலோமீட்டர். இதன் பலம் ஒரே வரியில் அடங்கும்: யாருடைய காரும் அதன் குறுக்கே வராது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் இருக்கும் ஒடுங்கிய நிலத்தில்தான் தீவின் கிழக்குக் கரை முழுவதும் குடியிருக்கிறது. நிலம் நீளவாக்கில் கிடப்பதால் ஒரே தடம் பெருங்கூட்டத்தைத் தொட்டுவிடும். கடலைத் தாண்டும் பகுதிதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1985இல் திறந்த முதல் பாலமும் 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் வண்டிகளுக்கு மட்டும்தான். தண்டவாளம் எதிலும் கிடையாது.

குறை இல்லாமலும் இல்லை. தொடக்கத்தில் மாநில அரசு இந்தத் திட்டத்துக்குப் பணம் தேட மூன்று தீவுகளை உருவாக்கி நிலம் விற்க நினைத்தது. தெற்குக் கரை மீனவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2023இல் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு ரயிலைக் கூட்டரசு, அதாவது மலேசிய மத்திய அரசு, தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆக, தீவில் ஓடப்போகும் மிகப் பெரிய போக்குவரத்துத் திட்டத்தில் மாநகர் மன்றத்தின் பங்கு சிறியது. இன்னொன்று: இந்தத் தடம் ஆயர் ஈத்தாமுக்குப் போகாது, தஞ்சோங் பூங்காவுக்குப் போகாது, பாலிக் புலாவுக்கும் போகாது.

டிராம் என்றதும் சிலர் முகத்தில் ஒரு பழைய சிரிப்பு வரும். ஜார்ஜ் டவுனில் முன்பே டிராம் ஓடியிருக்கிறது, 1936 வரை. அதோடு சேர்ந்து 1925 முதல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு டிராலி பஸ்ஸும் ஓடி, 1961இல் நின்றது. ஆனால் ஏக்கத்தை வைத்து மட்டும் டிராம் கேட்கவில்லை. 2013இல் ஹால்குரோ நிறுவனம் தயாரித்து மாநில அரசு ஏற்றுக்கொண்ட பெருந்திட்டத்தில் டிராமும் நல்ல பஸ் சேவையும் முக்கிய இடத்தில் இருந்தன. 2015க்குப் பிறகு வந்த எஸ்ஆர்எஸ் கூட்டு நிறுவனத்தின் திட்டம்தான் தூணின் மேல் ஓடும் ரயிலையும் மோனோரயிலையும் நெடுஞ்சாலையையும் முன்னால் தள்ளியது. தூண் எழுப்பும் செலவில் இன்னும் நீளமான டிராம் பாதை போடலாம், சீக்கிரமும் முடியும் என்று பினாங்கு ஃபோரம் போன்ற குடிமக்கள் அமைப்புகள் அப்போதே வாதிட்டன. 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பழைய நகரத்துக்கு நடுவே கான்கிரீட் தூண் நிற்பதைவிடத் தரையில் தண்டவாளம் ஓடுவது கண்ணுக்கும் உறுத்தாது.

எனக்கு டிராம் பிடிக்கும். ஆனால் அதற்குத் தரையில் தனிப் பாதை வேண்டும். எங்கள் ஊரில் சாலையோரம் என்றால் அது கார் நிறுத்தும் இடம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கார் நிறுத்தும் இடம். டிராம் ஒதுங்கிப் போக முடியாது. காரை நிறுத்திக் கோப்பி வாங்க இறங்கியவர் திரும்பி வரும்வரை முழுத் தடமும் நிற்கும். இன்னொரு சந்தேகம், சிரித்தாலும் பரவாயில்லை: தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் பினாங்கு ஸ்திரீட்டில் புறப்பட்டு, வழியெல்லாம் உடைக்கும் தேங்காய்க்கு நின்று நின்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற அன்று மேலே தொங்கும் மின்கம்பியை என்ன செய்வார்கள்? கம்பியே இல்லாமல் பேட்டரியில் ஓடும் டிராம் இப்போது உண்டு, அதற்கு வழி இருக்கிறது. காரை நகர்த்த என்ன வழி?

அந்தக் கேள்விதான் பஸ்ஸுக்கும். போன மாதம் ஒரு மாலை டத்தோ கெராமட் சாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பாதி வழியில் ஒரு சின்ன லாரி, இரண்டு பக்க விளக்கையும் மினுக்கவிட்டுக்கொண்டு இடது பாதையில் நிற்கிறது. ஓட்டுநர் காய்கறிக் கூடை இறக்குகிறார். பின்னால் எங்கள் பஸ். வலது பாதையில் கார்கள் இடைவெளி விடாமல் ஊர்கின்றன. டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. தினமும் பார்ப்பது போலும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: நான்கு நிமிடம். உள்ளே நாற்பது பேராவது இருந்திருப்போம்.

நான்கு நிமிடம்தானே என்று விடக்கூடாது. தாமதமான பஸ்ஸுக்கு அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடியிருக்கும். ஏறி இறங்க இன்னும் நேரமாகும், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது ஓடிவந்து முன்னதைப் பிடித்துவிடும். அரைமணி நேரம் ஒன்றுமில்லாமல் நின்று, கடைசியில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும் மர்மம் இதுதான். புதுப் பஸ் நூறு வாங்கிவிட்டாலும் லாரி அங்கேயே நின்றால் இது தீராது.

இங்கேதான் மன்றத்தின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். டிராலி பஸ்ஸை ஓட்டியதே நகராட்சிதான். அதற்கு வெளியே மஞ்சள் பஸ், நீல பஸ், பச்சை பஸ் என்று தனியார் கம்பெனிகள் இருந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாலிக் புலாவ் பக்கம் போவதை இன்றும் "மஞ்சள் பஸ் வழி" என்பார்கள். 2007இல் ரெப்பிட் பினாங்கு என்ற இன்றைய பஸ் சேவை வந்தது. இன்று தடத்துக்கு உரிமம் கொடுப்பது ஆபாட் என்ற கூட்டரசு முகமை. மன்றம் நினைத்தால் ஒரு புதுத் தடத்தைக்கூடத் தானாகத் திறக்க முடியாது. படகுத்துறையான ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே சுற்றும் இலவச கேட் பஸ்ஸுக்குச் செலவைப் பகிர்ந்துகொள்வதோடு சரி.

ஆனால் சாலையோரம் மன்றத்தின் கையில்தான் இருக்கிறது. நிறுத்தக் கட்டணம், நிறுத்தக் கூடாத இடம், அபராதம், பஸ் நிற்கும் இடத்தின் கூரை, அதற்கு நடந்துபோகும் ஐந்தடிப் பாதை எல்லாமே அதில் அடக்கம். கட்டணம் வசூலிக்க 2019லேயே செயலி வந்துவிட்டது. அதே சுறுசுறுப்பு பஸ் பாதையைக் காப்பதிலும் இருந்தால் தேவலை. டத்தோ கெராமட் சாலையில் காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் இடது பாதையைப் பஸ்ஸுக்கு என்று விட, தூணும் வேண்டாம், கூட்டரசின் நிதியும் வேண்டாம். சாயம் வேண்டும், ஆள் வேண்டும், கடைக்காரர்களோடு சண்டை போடத் தைரியம் வேண்டும். கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சரக்கு இறக்கப் பக்கத்துச் சந்தில் இடம் ஒதுக்கிக் கொடுக்காமல் விரட்டினால் மறுநாளே லாரி திரும்பி வந்துவிடும்.

யாரும் பேசாத நான்காவது ஒன்று, பேக்டரி பஸ். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து தொழிற்சாலைகளே ஆளைக் கூட்டிவந்து விடுகின்றன. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வண்டி தயாராக நிற்கும். வீட்டுப் பக்கத்திலேயே இறக்கிவிடும். இந்தத் தொழிலாளர் ரயிலுக்கு மாறுவார் என்று கணக்குப் போடுகிறவர்கள், நிலையத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை வெயிலில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

என்னைக் கேட்டால், ரயில் வரட்டும், தண்டவாளத்தில் கடலைத் தாண்ட அதை விட்டால் வேறில்லை. டிராமை இப்போதைக்கு ஒத்தி வைக்கலாம். ஆனால் முதல் தூண் எழும் முன்பே பஸ் பாதையைத் தொடங்கிவிட வேண்டும். ரயில் நிலையத்துக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதே பஸ்தானே.

போன வாரம் அம்மாவிடம் கைபேசியில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிலையங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தவர், "தண்ணீர்மலைக்குப் போகுமா ஐயா இது?" என்றார். போகாது, கொம்தாரில் இறங்கிப் பத்தாம் நம்பர் பஸ் ஏற வேண்டும் என்றேன்.

"சரி, அந்தப் பஸ் எத்தனை மணிக்கு வரும்?"