ட்ரையாப்ஸ் வளர்ப்புப் பெட்டி: முட்டைக்கு முழு மதிப்பெண், தொட்டிக்குப் பாதிதான்

ட்ரையாப்ஸ் என்பது மழைக் குட்டைகளில் வாழும், இறாலுக்குத் தூரத்து உறவான சின்ன நீர்ப்பிராணி. அதை வீட்டில் பொரிக்கவைத்து வளர்க்க விற்கும் பெட்டிகளில் காசுக்கு மதிப்பான பொருள் ஒன்றுதான்: பொடிமணல் போன்ற பழுப்புத் துகள்கள் கிடக்கும் அந்தச் சின்னஞ்சிறு முட்டைப் பொட்டலம். கூடவே வரும் பிளாஸ்டிக் தொட்டி, லென்ஸ், ஒட்டுத் தெர்மாமீட்டர், தீனி உருண்டை எல்லாவற்றுக்கும் வீட்டில் மாற்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரை விடாமல், தண்ணீர் பட்ட ஓரிரு நாளில் நீந்தத் தொடங்கும் முட்டைக்குத்தான் மாற்று கிடையாது. அதனால் வாங்கும்போது பெட்டி எவ்வளவு பெரிது என்று பார்க்க வேண்டாம். பொட்டலத்தில் இனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு. லாங்கிகாடேட்டஸ் வெதுவெதுப்பை விரும்பும், 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை தோதாக இருக்கும். வளர்ச்சி அசுர வேகம், ஆயுள் பெரும்பாலும் 60 முதல் 90 நாள். கான்க்ரிஃபார்மிஸ் சற்றுக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக வரும், நிதானமாக வளரும், உருவமும் பெரிது. எந்த இனம் என்று தெரியாமல் வெப்பநிலையைச் சரியாக வைக்க முடியாது. பெயரே போடாத பெட்டியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

‘டைனோசர் காலத்து உயிரினம்’ என்று மேலட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த உடலமைப்பு அவ்வளவு பழையது என்பது உண்மை. ஆனால் இன்றுள்ள இனங்கள் பிரிந்து உருவானது வெகு பிற்காலத்தில் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த விளம்பரம் இல்லாமலே பிரமிக்க வைக்கும் பிராணி இது. முன்பக்கம் கேடயம் போல ஓடு, பின்னால் இரண்டு நூலாகப் பிரியும் நீண்ட வால். பெயருக்கேற்ப மூன்று கண்கள்: இரண்டு கூட்டுக் கண்கள், அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒன்று.

முதல் மூன்று நாளில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். ஒரு பங்கு காரணம் தண்ணீர், இன்னொரு பங்கு தீனி.

உப்பும் தாதுவும் மிகக் குறைந்த தண்ணீர்தான், மழை பெய்து குட்டை நிரம்பிவிட்டது என்று முட்டைக்குச் சொல்லும் சேதி. டிஸ்டில்டு வாட்டர் நல்லது, ஆர்.ஓ. தண்ணீரும் சரிவரும். குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றினால் குளோரின் குஞ்சுகளைக் கொல்லும். தாது அதிகமென்றால் முட்டை பொரியவே பொரியாது. பெட்டியில் டீ பேக் மாதிரி ஒரு பை இருந்தால் அதை முதலில் போட்டு, தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு முட்டையைத் தூவுங்கள். பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு போதும். எல்லா முட்டையும் ஒரே நனைப்பில் பொரியாது. முதல் மழை ஏமாற்றினால் அடுத்த மழைக்கு வம்சம் மிஞ்ச வேண்டும் என்று இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது. சில முட்டைகள் நீர்ப்பரப்பில் மிதந்து தொட்டிச் சுவரில் ஒட்டிக் காய்ந்துபோகும். மெல்லிய தூரிகையால் அவற்றைத் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள். பொரிக்க வெளிச்சமும் வேண்டும். மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு எரியட்டும், நேர் வெயில் கூடாது, ஒரு லிட்டர் தண்ணீர் வெயிலில் மளமளவென்று சூடேறிவிடும்.

24 முதல் 72 மணி நேரத்துக்குள், துள்ளித் துள்ளி நகரும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பெட்டியில் வரும் லென்ஸ் இதற்கு உதவாது, 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம், கருவில் இருந்த சத்தே போதும். அடுத்த இரண்டு நாளும் பல்குத்தும் குச்சியின் நுனியை ஸ்பைருலினா என்னும் பாசிப் பொடியில் தொட்டால் ஒட்டுமே, அந்த அளவு. கையேடு சொல்வதை நம்பி உருண்டைத் தீனியை அப்படியே போட்டால் அது அழுகும், தண்ணீர் பால் போலக் கலங்கும், பெருகும் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகவே அதே தண்ணீரில் ஒரு லிட்டரைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே மூடிவையுங்கள். கலங்கத் தொடங்கியதும் குஞ்சுகளை டிராப்பரால் உறிஞ்சி அதில் விடலாம்; வெப்பநிலை ஒன்றாக இருப்பதால் அதிர்ச்சி இருக்காது.

நான்காம் நாளிலிருந்து கதை தலைகீழ். இப்போது தாது வேண்டும். கடைசி வரை டிஸ்டில்டு வாட்டரிலேயே வைத்தால் புது ஓடு இறுகாது, சட்டை உரிக்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டு சாகும். குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரை நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் சேருங்கள். மீன் மருந்து பட்ட வலை, குழாய் எதையும் உள்ளே விடக்கூடாது. செம்பு கலந்த மருந்தின் மிச்சம் துளி இருந்தாலும் இவற்றுக்கு விஷம்.

பெட்டித் தொட்டியின் குறை இந்த இடத்தில்தான் வெளிப்படும். வளர்ந்த பிராணி ஒன்றுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். பல பெட்டிகளில் தொட்டியே அவ்வளவு இருக்காது. நெருக்கத்தில் ஒன்று சட்டை உரித்து மெத்தென்று கிடக்கும்போது மற்றொன்று கடித்துத் தின்றுவிடும். பத்து லிட்டர் கண்ணாடித் தொட்டி, குமிழி மெதுவாக விடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், அலசிய ஆற்றுமணல் இரண்டு விரற்கடை, இவ்வளவு இருந்தால் போதும். மணலை முதல் வாரம் கழித்தே போடுங்கள். அடியில் கண்ணாடி போலக் கிடக்கும் கூட்டைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பதற வேண்டாம், அது கழற்றிய சட்டை. உடம்பு திடீரென்று சிவந்தால் கவனியுங்கள்: ஆக்ஸிஜன் குறையும்போது இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுகிறது. மல்லாந்து நீர்ப்பரப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஆனால் அப்படி மல்லாந்து ஒன்று கண்ணாடியோரம் வரும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். இலை போன்ற கால்கள் ஜோடி ஜோடியாக, வயல் நாற்றில் காற்று ஓடுவது போல, பின்னாலிருந்து முன்னால் அலையடிக்கும். அதே கால்கள்தான் மூச்சு விடவும் செய்கின்றன. நடுவே உள்ள வாய்க்காலில் இரைத் துணுக்கை வாய்க்குத் தள்ளுவதும் அவைதான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு துணுக்கும் முன்னேறுவது தெரியும். எந்த அழகு மீனும் தராத காட்சி இது.

இரண்டு வாரத்தில் பதினொன்றாம் ஜோடிக் கால்களில் முட்டைப் பை தெரியும். சில வளர்ப்பு வகைகளில் துணையே இல்லாமல் ஒற்றைப் பிராணி இடும் முட்டையும் பொரிக்கும். மணலைக் குடைந்து இடுவதால் அந்த மணலைக் கொட்டிவிடக் கூடாது. சாக்கடையிலோ குளத்திலோ நிச்சயமாகக் கூடாது. தொட்டி ஓய்ந்ததும் தண்ணீரை வடித்து, மணலைத் தட்டில் பரப்பி, நிழலில் மூன்று நான்கு வாரம் ஈரமே இல்லாமல் உலரவிட்டுக் காகித உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். அடுத்த முறைக்கு ஒரு தேக்கரண்டி மணலும் டிஸ்டில்டு வாட்டரும் போதும், புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.