டிரில் வாங்கி ஏழு வருடம்: பெட்டியில் எது தேய்ந்தது, எது தூங்குகிறது

எங்கள் வீட்டு டிரில்லுக்கு இந்த ஆயுத பூஜையோடு ஏழு வயது முடிந்தது. 600 வாட், துளைக்கும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் 13 மில்லிமீட்டர், தட்டிக்கொண்டே துளைக்கும் இம்பாக்ட் வகை. கூடவே நூற்றுச் சொச்சம் சாமான்கள் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி. 2018இல் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். வாங்கிய மறுநாளே அனுபவம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பெட்டியின் புது வாசம் போவதற்குள் என்ன அனுபவம்?

வீடு தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 1996இல் மாமனார் கட்டியது. செங்கல் சுவர், போர்வெல் தண்ணீர், சோப்பு நுரைக்காத அளவுக்கு அதில் உப்பு. கணவருக்கு மாதத்தில் இருபது நாள் வெளியூர் வேலை. திரைச்சீலைக் கம்பி ஒன்றை மாட்ட ஆள் வருவார் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்தேன். நான்காவது ஞாயிறு ஹார்டுவேர் கடைக்கே போய்விட்டேன். "சாருக்கா அக்கா?" என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். சற்று யோசித்துவிட்டு நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். எதற்குக் குறைத்தார் என்று இன்றுவரை விளங்கவில்லை.

முதல் துளை கூடத்துச் சுவரில், மாமனார் படத்துக்காக. எட்டு மில்லிமீட்டர் பிட்டை மாட்டி அழுத்தினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. துளைக்குள் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி அதில் திருகாணியை முடுக்கினால், முடுக்க முடுக்கப் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருந்த கலவைக் கோட்டில் போய்த் துளைத்திருக்கிறேன். சிவப்பாகப் பொடி வந்தால் செங்கல், சாம்பல் நிறத்தில் மணலாகக் கொட்டினால் கலவை என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று தெரியாது. அத்தைதான் சமையலறையிலிருந்து மூன்று தீக்குச்சிகளை எடுத்து வந்து மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கொடுத்தார். "மாமா இப்படித்தான் இறுக்குவார்." படம் இன்றும் அந்த மூன்று குச்சிகளின் தயவில்தான் தொங்குகிறது.

திரைச்சீலைக் கம்பியின் கதை வேறு. ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். அரை மணி நேரம் அழுத்தியும் ஒரு கடுகளவு பள்ளம்தான் விழுந்தது. பிட்டின் நுனி நீலம் பாரித்துவிட்டது, கை மரத்துப்போனது. குறை டிரில்லில் இல்லை, நான் அதனிடம் கேட்டதில்தான் இருந்தது. இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. அந்தத் துள்ளல்தான் அது சுவரைத் தட்டும் தட்டல். செங்கல்லுக்கு அது தாராளம். கான்கிரீட்டுக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர். அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி பிட்டின் பின்பக்கம் அடிக்கிறது. நாம் உடம்பைப் போட்டு அழுத்த வேண்டியதே இல்லை. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்தேன். அரை மணியில் கடுகளவு விழுந்த அதே இடம், அரை நிமிடத்தில் முடிந்தது. அதன்பிறகு பீம், தூண், லிண்டல் பக்கம் என் டிரில்லைக் கொண்டுபோனதே இல்லை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும்கூடத் துளைப்பதில்லை. சுவருக்குள் ஒயர் போகும் பாதை பெரும்பாலும் அதுதான்.

ஐந்தாவது வருடம் டிரில்லின் காற்றுத் துவாரங்களில் தீப்பொறி தெரிய ஆரம்பித்தது. கருகல் வாடை, நடுவில் நின்று நின்று ஓடியது. ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். மேசையைவிட்டு எழாமலே "ஆர்மேச்சர் போய்விட்டது, 1,600 ரூபாய்" என்றார் அங்கிருந்தவர். மோட்டாருக்குள் சுழலும் பாகம் அது. திறந்துகூடப் பார்க்கவில்லை. கோபத்தோடு வீட்டுக்கு எடுத்து வந்து, பக்கவாட்டில் இருந்த இரண்டு வட்ட மூடிகளைத் திருப்புளியால் திறந்தேன். ஸ்பிரிங்கோடு ஒரு சின்னக் கரித்துண்டு வெளியே துள்ளியது. அதுதான் கார்பன் பிரஷ். ஓடும் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பது அது. உரசி உரசித் தேய்வதுதான் அதன் பிழைப்பு. புதியது சுண்டுவிரல் நகத்தைவிட நீளமாக இருக்கும். என்னுடையது துவரம்பருப்பு அளவுக்கு வந்திருந்தது. ஜோடி எண்பது ரூபாய். மாற்றிய அன்று கொஞ்சம் பொறி பறந்தது. புதுக்கரி உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. இன்றுவரை ஓடுகிறது. டிரில் வாங்கும்போது அந்த மூடி வெளியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டைவிட அதுதான் முக்கியம் என்பேன்.

இனி 2020 ஏப்ரல். ஊரடங்கு. சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. வாஷர் மாற்றுவது ஏற்கெனவே பழகிய வேலைதான், ஆனால் உப்பு பிடித்துக் குழாயின் தலை அசையவில்லை. முழுக் குழாயையும் கழற்றிவிடலாம் என்று பைப் ரெஞ்சைப் போட்டு ஒரு திருகு. குழாய் கையோடு வந்தது. சுவருக்குள் இருந்த இரும்பு நிப்பிளில், அதாவது குழாயை இணைக்கும் மரை போட்ட சின்னத் துண்டில், பாதியும் அதனோடு வந்தது. மீதிப் பாதி உள்ளே. மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி, நிறைந்த தொட்டி. தண்ணீர் எதிர்ச் சுவர்வரை பாய்ந்தது.

மாடிக்கு ஓடி கேட் வால்வைத் திருகினேன். சக்கரம் லேசாகச் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது வருடங்களுக்கு மேல் யாரும் தொடாத வால்வு. தண்டு மட்டும் சுழல்கிறது, உள்ளே இருக்கும் கதவு இறங்கவில்லை. கீழே அத்தை என்ன செய்தார் தெரியுமா? ஒரு கேரட்டைக் கூராகச் சீவி ஓட்டையில் வைத்து, குழவியால் தட்டிக்கொண்டிருந்தார். பீறிட்டது சொட்டானது. வீட்டில் இருந்த அண்டா, குடம், பக்கெட் அனைத்தையும் நிரப்பி, மீதியைச் செடிகளுக்குத் திறந்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தோம். வெளியே வர முடியாத பிளம்பர் தொலைபேசியில் வழி சொன்னார். "ஹேக்சா பிளேடைத் துணியில் சுற்றிப் பிடித்து, உடைந்த துண்டை உள்பக்கமாக இரண்டு மூன்று இடத்தில் கீறுங்கள் அம்மா. வெளி மரையைத் தொட்டுவிடாதீர்கள். பிறகு உளியை வைத்து உள்ளே மடக்கினால் கழன்று வரும்." இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் வந்தது. மாமனாரின் பழைய தகர டப்பாவில் கிடந்த ஒரு டம்மியை முடுக்கி அடைத்துவிட்டு, பதினெட்டு நாட்கள் கிணற்றடிக் குழாயில் பாத்திரம் கழுவினோம்.

இன்று வீட்டில் இருக்கும் ஐந்து வால்வுகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக்க மூடித் திறக்கிறேன். தினசரி நாட்காட்டித் தாளில் குறித்தும் வைக்கிறேன். பழைய இரும்புக் குழாயில் கழற்றும் வேலை என்றால் மெயின் வால்வை மூடி, தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரெஞ்சை எடுப்பது. டெப்ளான் டேப் பற்றியும் ஒன்று. மரையின் வாய் நம்மைப் பார்த்திருக்க, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் உருண்டு சுருண்டு வெளியே வந்துவிடும். நான் அதை ஆறு முறை கசிந்த பிறகு கண்டுபிடித்தேன்.

மின்சாரத்தில் நான் கோழை. மின்விசிறிக்குக் கன்டென்சர் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டேன். விசிறி மெதுவாகச் சுற்றினாலோ, குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றாலோ பெரும்பாலும் கன்டென்சர்தான். எங்கள் விசிறிகளுக்கு 2.5 மைக்ரோபாரட். அறுபது ரூபாய்ப் பொருள், பத்து நிமிட வேலை. ஆனால் சுவிட்சை அணைத்தால் போதும் என்று முதல் தடவை நினைத்தேன். டெஸ்டரை வைத்தால் எரிகிறது. பழைய அறை ஒன்றில், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரில் கொடுக்க வேண்டிய சுவிட்சை, அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் அணைந்தாலும் விசிறிவரை 230 வோல்ட் வந்து காத்திருக்கிறது. ஏணியில் நின்றபடி அதைப் பார்த்தபோது முதுகு சில்லிட்டது. மெயினை இறக்காமல் இப்போது எதையும் தொடுவதில்லை. அந்த வாரமே எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றையும் போடச் சொன்னேன். ஏழு வருடத்தில் மனதார அடுத்தவருக்குக் கொடுத்த கூலி அது.

படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்து பெயிண்ட் உரிந்ததற்கு மட்டும் மூன்று வருடம் வீணடித்தேன். சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, பட்டி பார்ப்பது, பிரைமர், பெயிண்ட். அடுத்த ஐப்பசிக்குள் மறுபடி கொப்புளம். நான்காவது முறை சுரண்டும்போதுதான் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். குளியலறை. அங்கே டைல்ஸ் இடுக்குகளில் சிமென்ட் கரைந்து, நகம் போகும் அளவுக்கு இடைவெளி. தினமும் குளிக்கிற தண்ணீர் படுக்கையறைக்கு வந்துகொண்டிருந்தது. இடுக்கைச் சுத்தமாகச் சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டு, எப்பாக்ஸி கிரௌட் என்ற, தண்ணீர் புகாத கலவையை அடைத்தேன். சுவரை நான்கு மாதம் வெறுமையாக விட்டுவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அதன்பிறகு அடித்த பெயிண்ட் இரண்டு மழைக்காலம் தாண்டி நிற்கிறது.

மொட்டைமாடி ஒழுக்கை நானே அடைக்க முயன்று தோற்றேன். கொத்தனார் வந்து, மழைநீர்க் குழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கிப் பார்த்து, நான் பூசிய இடத்துக்கு ஆறடி தள்ளி விரிசலைக் காட்டினார். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.

பெட்டிக்கு வருகிறேன். நூற்றுச் சொச்சத்தில் தேய்ந்தவை ஆறு மில்லிமீட்டர் பிட், எட்டு மில்லிமீட்டர் பிட் (இரண்டையும் பலமுறை மாற்றியாயிற்று), ஒரு திருப்புளி, ஒரு குறடு. மரத்தில் வட்டம் வெட்டும் சாமான், சாக்கெட்டுகளில் முக்கால்வாசி, பெயர் தெரியாத மூன்று பொருட்கள் எல்லாம் வந்த நாள் பாலிதீனிலேயே தூங்குகின்றன. அதிகம் கையில் எடுப்பவை தனியாக வாங்கியவைதான்: ரசமட்டம், நல்ல பைப் ரெஞ்ச், கண்ணில் பொடி விழாமல் காக்கும் கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு. இன்று வாங்குவதானால் பெட்டி வேண்டாம், டிரில்லை மட்டும் கொடுங்கள் என்பேன். மிச்சப் பணத்தில் கார்பைடு நுனி வைத்த நல்ல பிட் நான்கு வாங்குவேன். கம்பியில்லாத பேட்டரி டிரில்லும் கையில் பிடித்துப் பார்த்தேன். லேசாக இருக்கிறது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை துளைக்கிறவளுக்கு, வேண்டிய நேரத்தில் பேட்டரி சார்ஜ் இல்லாமல்தான் இருக்கும்.

இந்த டிரில்லில் பெரிய குறை ஒன்றே ஒன்று: சக் சாவி. பிட் மாற்ற வேண்டிய அந்தச் சின்ன சாவி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு தொலைந்தன. மூன்றாவதைச் சணல் கயிற்றால் ஒயரிலேயே கட்டிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் அலமாரி மாட்ட டிரில்லைக் கேட்டு வாங்கிப்போய் இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. நேற்று மாடியிலிருந்து பார்த்தேன், அவர் வீட்டுத் துணிக்கொடியில் தொங்குவது என் சணல் கயிறு போலத்தான் தெரிகிறது.