“என்ஜின் போச்சு” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என்ஜினை முழுதாகப் பிரித்து பிஸ்டன், அதைச் சுற்றி இருக்கிற ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டதாக ஒரு பணிமனையில் எங்களிடம் பணம் வாங்கினார்கள். உண்மையில் என்ஜினை அவர்கள் பிரிக்கவே இல்லை. மேல் மூடியை மட்டும் கழற்றி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். எப்படி ஏமாற்றினார்கள், அது எப்படி வெளியே வந்தது என்பதை முழுதாக எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் யாரிடமும் இதைச் செய்ய முடியும். நமக்கு இருக்கிற பயம்தான் அவர்களுக்கு முதலீடு.

கார் நாலு சிலிண்டர் பெட்ரோல், பதினாறு வால்வு. 1,50,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஆயில் எப்போதும் நேரத்துக்கு மாற்றியிருக்கிறோம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சைலன்சரில் கொஞ்சம் நீலப் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றுவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு மெதுவாகக் குறைந்துகொண்டு வந்தது. மற்றபடி பிக்கப் குறையவில்லை, மைலேஜ் குறையவில்லை, சூட்டு முள்ளும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

பணிமனையில் என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார்கள். லேசாக ஆவி வந்தது. “பாருங்க சார், இங்கயே புகை தள்ளுது. ரிங் மொத்தமும் போச்சு. இப்படியே ஓட்டினா ஒருநாள் நடுவழியில ஜாம் ஆயிடும்” என்றார் அங்கிருந்த பெரிய மெக்கானிக். பழைய காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இரவில் போகிறவனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் சூடான எந்த என்ஜினிலும் ஓடும்போது மூடியைத் திறந்தால் கொஞ்சம் ஆவி வரும். என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் இன்னும் அதிகமாக வரும். அதை வைத்து மட்டும் ரிங் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அழுத்தம் அளக்கும் கேஜ் எதையும் அவர்கள் கையிலேயே எடுக்கவில்லை.

டெலிவரி எடுத்தபோது என்ஜின் வெள்ளி நிற பெயின்ட்டில் பளபளத்தது. புகை துளியும் இல்லை. ஒரு சாக்கில் பழைய பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டு “உங்க வண்டில இருந்து எடுத்தது சார், நீங்களே வச்சுக்கோங்க” என்று கொடுத்தார்கள். அந்தச் சாக்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தோம். பின்னால் எங்களுக்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான்.

அடுத்த ஆயில் மாற்றத்தின்போது, கார் கையேட்டில் போட்டிருக்கிற 5டபிள்யூ-30 கிரேடு ஆயிலை ஊற்றினோம். சில நாளில் காலைப் புகை திரும்பி வந்தது. பில்லை எடுத்துப் பார்த்தால், பணிமனையில் ஊற்றியது 20டபிள்யூ-50. கூடவே புகையை நிறுத்தும் கெட்டியான சேர்மானம் ஒன்றும் ஊற்றியிருக்கிறார்கள். கெட்டி ஆயில், தேய்ந்த சீல் வழியாக அவ்வளவு எளிதாகக் கசியாது. அதனால் புகை மறைந்தது, அவ்வளவுதான். அதுவும் ஆயில் அழுத்தத்தை வைத்து வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள என்ஜின் இது. சொல்லப்பட்ட கிரேடை விட இவ்வளவு கெட்டியான ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த ஸ்டார்ட்டில் அது மேலே ஏறவே நேரமாகும். அதாவது புகையை மறைப்பதற்காக, நன்றாக இருந்த என்ஜினுக்கே கெடுதல் செய்திருக்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் பணத்தைவிட இதில்தான்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் விளக்கைப் பிடித்தார். “இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டுக் காட்டினார். என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைச் சுற்றி இருக்கிற போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும், வருஷக்கணக்கில் ஆயிலும் தூசும் சேர்ந்து இறுகிய கறுப்புப் படிவம் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. அந்த என்ஜினில் சம்ப்பைக் கழற்றாமல் பிஸ்டனை வெளியே எடுக்க முடியாது, பேரிங்கை மாற்றவும் முடியாது. மேலே வால்வு மூடி ஓரத்தில் மட்டும் புதுச் சிவப்பு சிலிக்கான் பசை பிதுங்கி நின்றது.

பிறகு பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சின்ன கேமராவை உள்ளே விட்டார். புதிது என்று பில்லில் எழுதியிருந்த பிஸ்டன்களின் தலையில் தடித்த கார்பன் ஏறியிருந்தது. சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள், ஃபேக்டரியில் சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்தபோது விழுந்தவை, இன்னும் தெளிவாகத் தெரிந்தன. சுவர் அவ்வளவு தேயவே இல்லை என்று அர்த்தம். சாக்கில் இருந்த பிஸ்டனை அளந்து பார்த்தார். அதன் விட்டம் எங்கள் சிலிண்டர் அளவுக்குப் பொருந்தவே இல்லை. அது வேறு ஏதோ வண்டியின் சாமான்.

கடைசியில்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக இறுகுகிறது என்று, பார்த்தார். என்ஜின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கிற சோதனை அது. நாலு சிலிண்டரும் 165 முதல் 175 பிஎஸ்ஐக்குள் நின்றன. ரிங் போன என்ஜின் பெரும்பாலும் இப்படிக் காட்டாது.

போயிருந்தது வால்வு சீல், வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம். அதோடு பிசிவி வால்வும் அடைத்திருந்தது. இரவெல்லாம் நிற்கும் காரில், என்ஜினின் மேல் பகுதியான ஹெட்டில் தங்கிய ஆயில் இறுகிப்போன சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து நீலப் புகையாக வந்து நின்றுவிடும். ரிங் போயிருந்தால் கதை வேறு: மேடேறும்போதும் இழுக்கும்போதும் விடாமல் புகை வரும், கம்ப்ரஷனும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சீலை மாற்ற ஹெட்டை இறக்கக்கூடத் தேவைப்படவில்லை. பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வு கீழே விழாமல் நிறுத்திக்கொண்டே மாற்றினார். கழற்றிய பழைய சீல் ஒன்றை என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றால் வளைய வேண்டும். நகத்தால் அழுத்தியதும் அது நொறுங்கியது.

முதல் பணிமனைக்குப் படங்களோடும் அந்தப் பிஸ்டனோடும் போனோம். “வேலை பார்த்த பையன் இப்ப இங்க இல்ல சார்” என்றார்கள். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை.

உங்கள் காருக்கு யாராவது என்ஜின் வேலை சொன்னால், முதலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சரியான அளவும், சிலிண்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதும் அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஏதாவது ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் சந்தேகம் ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம். காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை செய்யும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. சிலிண்டருக்குள் அடைத்த காற்று சைலன்சரில் சீறுகிறதா, ஆயில் மூடியில் சீறுகிறதா, ரேடியேட்டரில் குமிழ் விடுகிறதா என்று உங்கள் காதாலும் கண்ணாலுமே தெரிந்துகொள்ளலாம். இந்தச் சோதனைகளைச் செய்ய மாட்டேன் என்கிற இடத்தில் என்ஜினைத் தொட விடாதீர்கள்.

மற்ற பயமுறுத்தல்களுக்கும் இப்படி அளவு உண்டு. ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு தனி கேஜ் மாட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். சென்சார் மட்டும் கெட்டிருந்தாலும் அந்த விளக்கு எரியும். ஒரு சிலிண்டரில் மிஸ் அடித்தால், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் என்ஜின் திக்கினால், அதன் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். மிஸ்ஸும் கூடவே நகர்ந்தால் கோளாறு காயிலில்தான். கூலன்ட் குறைந்தால், ரேடியேட்டரில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்க நீலத் திரவச் சோதனை இருக்கிறது. கலந்திருந்தால் அது மஞ்சளாகும்.

சில என்ஜின்கள் நிஜமாகவே போயிருக்கும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உலோகத் துகள் மின்னும், இழுக்கும்போது அடியிலிருந்து கனமாகத் தட்டும். அப்போது பிரிக்கத்தான் வேண்டும், அந்தச் செலவு நியாயமானது. ஆனால் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் வேலை செய்தால், லேத் பட்டறையில் அளந்த சிலிண்டர் அளவையும், எந்த ஓவர்சைஸ் (அளவு பெரிதான) பிஸ்டன், 0.25 மில்லிமீட்டரா 0.50 மில்லிமீட்டரா, என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். புதுச் சாமான் வந்த பெட்டியோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் போட்டிருக்கும்போது ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள்.

உங்கள் கார் இப்போதே ஏதாவது பணிமனையில் என்ஜினை முழுதாகப் பிரிக்கும் வேலைக்கு நின்றுகொண்டிருந்தால், நாளைக்கே போய் அடியில் குனிந்து சம்ப் போல்ட்டுகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி எடுக்கும்போது அதே இடத்தை மறுபடி பாருங்கள். கறுப்புப் படிவம் அப்படியே இருந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.