கொல்லையில் வெட்டிய தங்கமீன் குளம்: ஆறு ஆண்டு அனுபவம்

2019 பொங்கல் கழிந்த வாரத்தில் தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டின் கொல்லையில் நானும் என் மகனும் ஒரு சிறு குளம் வெட்டி, அதற்கு நீர் கசியாத பிளாஸ்டிக் தாள் விரித்து, தங்கமீன்களை விட்டோம். அதன் பிறகு ஒரு முறை தாளை முழுமையாக மாற்றினோம், இரண்டு முறை கரையைப் பிரித்துக் கட்டினோம், சாகக்கூடாத மீன்கள் சிலவற்றையும் இழந்தோம். குளம் வெட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தத் தாள் வாங்கலாம் என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆறு ஆண்டுகளில் எனக்கு நேர்ந்த இடையூறுகளை எண்ணிப் பார்க்கும்போது, தாளின் தரத்தால் வந்தது ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பாலானவை தாளுக்கு அடியில் இருந்த மண்ணிலிருந்தோ தாள் முடியும் கரையிலிருந்தோ வந்தவை.

குளத்தின் வாய் 8 அடிக்கு 6 அடி, ஆழம் இரண்டரை அடி. ஒரு பக்கத்தில் மட்டும் செடித் தொட்டிகள் வைக்க முக்கால் அடி ஆழத்தில் ஒரு படி விட்டிருக்கிறோம். மொட்டைமாடியில் இருந்த 500 லிட்டர் தொட்டியை நிரப்பி நிரப்பித் திறந்துவிட்டு அளந்ததில் ஐந்தரைத் தொட்டி பிடித்தது, அதாவது ஏறக்குறைய 2,750 லிட்டர். மணல் லாரிக்காரர்கள் ஒரு யூனிட் என்று சொல்லும் 100 கன அடிக்கு இது மிக நெருங்கிய அளவு என்பதால், வெட்டியெடுக்கும் மண்ணும் ஒரு யூனிட் இருக்கும் என்று முன்பே கணக்கிட்டிருந்தேன். ஆனால் கெட்டியாகக் கிடந்த களிமண் வெட்டியதும் உப்பிக் கொள்ளும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கொல்லையில் பாதி இடத்தை மண் அடைத்துக்கொண்டது. பிறகு அதை வாழைக்கு மேட்டுப்பாத்தியாக மாற்றினோம். வெட்டத் தொடங்கும் முன்பே மண் எங்கே போகப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

தை மாதம் வெட்டியது தற்செயலாக அமைந்த நல்ல முடிவு. மழைக்காலம் முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும். கடப்பாரை எளிதாக இறங்கும். அதே சமயம் குழிக்குள் ஊற்று நீர் கசியாத அளவுக்கு நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கியிருக்கும். சித்திரையில் இதே களிமண் செங்கல்லைப் போல இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. இருவரும் காலையிலும் மாலையிலுமாக ஆறு நாட்கள் வெட்டினோம். பக்கச் சுவர்களைச் செங்குத்தாக வெட்டாமல் சற்றே சரிவாக விட்டது, களிமண் சரியாமல் நிற்கவும், தாள் மடிப்பில்லாமல் படியவும் உதவியது.

வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "கரையை முதல்ல மட்டம் பாருங்க சார், குழியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த தரையில் அவருடைய டியூப் லெவலை, அதாவது மட்டம் பார்க்கும் நீர்க்குழாயைப் பிடித்துப் பார்த்தபோது, கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று அங்குல வித்தியாசம் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒரு கரையில் நீர் தளும்பும்போது எதிர்க்கரையில் மூன்று அங்குலத் தாள் எப்போதும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அவர் சொல்லியும் நான் ஓர் அங்குலம் மிஞ்சும் அளவுக்கு மட்டுமே சரிசெய்தேன். மேற்கில் மிஞ்சிய அந்த ஓர் அங்குலத்துக்கான விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தாளின் அளவுக்கான கணக்கு எளிது. குளத்தின் நீளத்தோடு ஆழத்தை இரு மடங்காகக் கூட்டி, இரு கரைகளுக்கும் ஓரடி வீதம் சேர்க்க வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. எங்கள் குளத்துக்கு 15 அடிக்கு 13 அடி வருகிறது. செலவைக் குறைக்க எண்ணி, நான் முதலில் 14க்கு 12 அளவில் சாதாரண நீலத் தார்ப்பாய் வாங்கினேன். கரையில் அரை அடிதான் மிஞ்சியது. அதை மண்ணுக்குள் மடித்துப் புதைக்க முடியாமல், மேலே கல்லை மட்டும் அடுக்கினேன். அடியில் மெத்தை போல இருக்கட்டும் என்று பழைய சணல் சாக்குகளை விரித்தேன். பதினான்கு மாதங்களில் தார்ப்பாயின் வெயில் பட்ட ஓரம் அப்பளம் போல நொறுங்கியது. எடுத்துப் பார்த்தபோது அடியில் சாக்கே இல்லை. கரையான் முழுவதையும் தின்று, தன் மண்தடங்களை மட்டும் விட்டு வைத்திருந்தது.

2020 மார்ச்சில் தார்ப்பாய் கைவிட்ட அதே நாட்களில் ஊரடங்கும் வந்ததால், ஜூன் வரை மீன்கள் 500 லிட்டர் தொட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. இரண்டாவதாக வாங்கியது விவசாயிகள் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) தடிமனுள்ள ஹெச்டிபிஇ என்னும் கெட்டியான பாலிதீன் தாள், 18க்கு 15 அடி. அது விறைப்பானது; மூலைகளில் நினைத்தபடி மடியாது. காலையில் வெயிலில் விரித்து வைத்து, இளகிய பிறகு நான்கு பேர் பிடித்து இறக்கினோம். ஐந்து ஆண்டுகளாக நீருக்கடியில் இருக்கும் பகுதியில் ஒரு குறையும் இல்லை. இதைவிட ரப்பர் வகையான இபிடிஎம் தாள் துணியைப் போல வளைந்து படியும், ஒட்டுப்போடவும் எளிது. ஆனால் எனக்குக் கிடைத்த விலை ஹெச்டிபிஇயைப் போலப் பல மடங்கு இருந்தது. வளைவு நெளிவான குளம் வெட்டுபவர்கள் அந்தச் செலவைச் செய்யலாம். நீள்சதுரக் குளத்துக்கு ஹெச்டிபிஇ போதும் என்பது என் கருத்து.

இம்முறை அடியில் சாக்குக்குப் பதிலாக, கடைவீதியில் டிஜிட்டல் பேனர் அச்சிடும் கடையில் கேட்டு வாங்கிய பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை மூன்று அடுக்காக விரித்தோம். காதணி விழாவும் மஞ்சள் நீராட்டு விழாவும் எங்கள் குளத்துக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. அவற்றைக் கரையான் தொடவில்லை, அவை மக்கவும் இல்லை. பேனருக்கும் கீழே இரண்டு அங்குலம் சலித்த மணல். அதற்கு முன் குழியின் தரையையும் சுவரையும் உள்ளங்கையால் தடவி, குத்தும் கற்களையும் வெட்டுப்பட்ட வேர்முனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். இந்த வேலைக்கு ஒரு முழு நாள் ஆனது. 2,750 லிட்டர் நீர் என்றால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் டன் எடை. அவ்வளவும் அந்தத் தாளை அழுத்தும்போது ஒரு சிறு கருங்கல் ஜல்லியும் போதும்.

இனி நிலத்தடி நீரைப் பற்றி. 2019 நவம்பரில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளத்தைச் சுத்தம் செய்யலாம் என்று பாதி நீரை இறைத்தேன். மறுநாள் காலையில் குளத்தின் நடுவே தார்ப்பாய் திமிங்கிலத்தின் முதுகைப் போல மேலே எழும்பி நின்றது. அடியில் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்துக் கம்பால் அழுத்தினேன். அழுத்திய இடம் அமுங்கி, பக்கத்தில் எழும்பியது. உள்ளே இருந்தது காற்றல்ல, நீர். எங்கள் பகுதியில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு ஓரடி கீழே வரை ஏறிவிடுகிறது. குளத்தில் நீர் நிறைந்திருக்கும்வரை உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. உள்ளே குறைத்தால் வெளிநீர் தாளைத் தூக்கிவிடுகிறது. தண்ணீரை மீண்டும் நிரப்பியதும் வீக்கம் மெல்ல அமர்ந்தது. ஆனால் அடியில் இருந்த மணல் ஒதுங்கியதால் தரை மேடுபள்ளமானது. தாளை மாற்றியபோது குளத்தின் ஓரத்தில் துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்றை மூன்றடி ஆழத்துக்கு நிறுத்திவிட்டேன். அதற்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் வெளிநீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். அக்டோபரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, எந்தக் காரணத்துக்காகவும் நான் குளத்து நீரைக் கணிசமாகக் குறைப்பதில்லை.

மீன்களைப் பொறுத்தவரை என் முதல் தவறு அவசரம். கொளத்தூரிலிருந்து 12 சாதாரணத் தங்கமீன்களை வாங்கி வந்து, நீர் நிரப்பிய நான்காம் நாளே விட்டேன். பத்து நாட்களுக்குள் 9 மீன்கள் செத்தன. நோயுள்ள மீன்களைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரரை மனத்துக்குள் குறை சொன்னது எவ்வளவு தவறு என்று பின்னர்தான் புரிந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அது மட்டுமல்ல, கரையில் கடப்பாக்கல் பதித்த புதிய சிமெண்டு, கரைந்து குளத்தில் இறங்கியிருந்தது. நீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சோதனைத் தாளில் 9ஐத் தாண்டியது. காரத்தன்மை கூடக்கூட அதே அளவு அம்மோனியாவின் நச்சும் கூடும். புதுச் சிமெண்டுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றிக் கழுவும் பழக்கம் மீன் வளர்ப்பவர்களிடம் உண்டு. இரண்டாம் முறை கரை கட்டியபோது அந்தச் சிமெண்டுப் பூச்சையும் ஈரச்சாக்கால் மூடி, இரண்டு வாரம் கழுவி வெளியே விட்டேன். பிழைத்த 3 மீன்களில் இரண்டு இன்றும் இருக்கின்றன. வாலையும் சேர்த்து எட்டு அங்குலம்.

வடிகட்டி நானே செய்தது: 100 லிட்டர் நீல டிரம், உள்ளே பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்களும் உடைத்த செங்கல்லும், 40 வாட் மோட்டார். நாள் முழுவதும் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 29 யூனிட் மின்சாரம். நார்களைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், குளத்திலிருந்து மொண்ட நீரில் அலசுகிறேன். பாக்டீரியாக்களைக் காப்பாற்ற அதுவே வழி.

கோடைதான் தங்கமீனுக்குச் சோதனை. குளிர்ந்த நீரை விரும்பும் இனம் அது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான் கரைகிறது. முதல் அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் நீர் 34 டிகிரி காட்டியது. மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்தன. பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்வதால் விடியல்தான் மிக மோசமான நேரம். நிழல்வலை கட்டி, நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலைகள் மூட விட்டபின் 31க்கு மேல் போவதில்லை. மே மாதத்தில் உணவை ஒரு வேளையாகக் குறைக்கிறேன்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, எங்கள் தெருவிலும் குடங்கள் வரிசையில் நின்றபோது, கொல்லையில் ஒரு குளம் வைத்திருப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. நீர் மாற்றுவதை நிறுத்தி, ஆவியாகிப் போனதை மட்டும் ஈடுகட்டினேன். அதுவே நாளுக்கு இரண்டு குடம் பிடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் கூரை மழைநீருக்கு ஒரு பீப்பாய் வைத்தேன். இந்த இரண்டு குடக் கணக்கு வேறொன்றுக்கும் உதவியது. நீர் வேகமாகக் குறைவதாகச் சந்தேகம் வந்தால், குளத்துப் படியில் ஒரு வாளி நீரை வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துவிடுங்கள். மோட்டாரை நிறுத்திய நிலையில் குளம் வாளியைவிட அதிகமாகக் குறைந்தால்தான் தாளில் ஓட்டை என்று பொருள்.

கொசுவைப் பற்றி அக்கம்பக்கத்தார் கவலைப்படுவது நியாயமே. திறந்த நீரில் ஒரு புழுவையும் தங்கமீன் விட்டு வைப்பதில்லை. ஆனால் தாளின் மேல்மடிப்புகளில், மீன் நுழைய முடியாத விரலளவு இடுக்கில் தேங்கிய நீரில் புழுக்கள் நெளிவதைச் சுகாதாரப் பணியாளர் ஒருவர்தான் எனக்குக் காட்டினார். அன்றே மடிப்புகளை இழுத்துக் கல்லுக்கு அடியில் செருகினேன். குருட்டுக்கொக்கு ஒன்று 2021இல் ஒரே வாரத்தில் நான்கு மீன்களைத் தூக்கிச் சென்றது. அது நின்று பிடித்த இடம் நான் செடிக்காக விட்ட அந்தப் படி. இப்போது குளம் முழுவதும் இரும்புச் சட்டமிட்ட வலைக்கம்பி மூடி இருக்கிறது. கொக்குக்காகச் செய்ததுதான் என்றாலும், பேத்தி நடக்கத் தொடங்கியபின் அது இல்லாமல் குளத்தை வைத்திருக்கவே மாட்டேன். சிறு குழந்தைக்கு ஓரடி நீரும் ஆபத்துதான்.

2023 டிசம்பர் 4ஆம் நாள் மிக்ஜாம் புயல் மழையில் கொல்லையில் முக்கால் அடி நீர் நின்றது. தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டிய கரையையும் தாண்டித் தெருநீர் குளத்தில் கலந்தது. மூடி இருந்ததால் மீன்கள் வெளியேறவில்லை. மின்சாரம் வரும்வரை இன்வெர்ட்டரில் காற்று மோட்டாரை ஓட்டினோம். வெள்ளம் வடிந்தபின் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்து உடனே ஈடுசெய்து, மூன்று வாரத்தில் தெளியவைத்தோம். மொத்த நீரையும் ஒரே நாளில் இறைத்துவிடக் கை துடித்தது. 2019இல் எழும்பிய தார்ப்பாய் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

இப்போது குளத்தில் 7 பெரிய மீன்களும், வேலம்பாசி என்னும் நீர்ச்செடியில் இட்ட முட்டைகளில் பெற்றோர் தின்றது போகத் தப்பிய 11 குஞ்சுகளும் இருக்கின்றன. குஞ்சுகள் இன்னும் பித்தளை நிறத்தில்தான் இருக்கின்றன. பொன்னிறமாக மாறச் சில மாதங்கள் ஆகும். மேற்குக் கரையில், அந்த ஓர் அங்குலம் எப்போதும் வெயில் படும் இடத்தில், தாளில் மயிரிழை வெடிப்புகள் தெரியத் தொடங்கியுள்ளன. கல்லைப் பிரித்து, கரையை மட்டத்துக்கு இறக்கி, வெடித்த ஓரத்தின்மேல் புதுத் தாளைச் சூடுவைத்து ஒட்ட வேண்டும். பிவிசி குழாயில் நீர் இன்று ஒன்றரை அடி ஆழத்தில் நிற்கிறது; அது இரண்டரை அடிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்குவேன்.