லெனனின் குரலும் மெக்கார்ட்னியின் கத்தரியும்: ‘நௌ அண்ட் தென்’

1960களில் உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் கடைசிப் பாடல் என்ற அறிவிப்புடன் 2023 நவம்பர் 2 அன்று வெளியான ‘நௌ அண்ட் தென்’, மதுரையில் மேற்கத்திய இசை கேட்கும் எங்கள் சிறிய வட்டத்தை இன்னமும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. குழுவில் ஒருவரான, எண்பது வயதைத் தாண்டிய பால் மெக்கார்ட்னி முன்னின்று முடித்த இந்தப் பாடலை, சிம்மக்கல்லில் ஒரு நண்பரின் மாடியறையில், ஏழு அங்குல இசைத்தட்டில் பலமுறை கேட்டோம். அங்கு நடந்த வாதங்களில் பெரும்பகுதி, குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனனின் குரலை மீட்டெடுத்த இயந்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது. இந்தப் பாடலில் விவாதிக்கப்பட வேண்டியது இயந்திரம் அல்ல என்பது என் கருத்து.

ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில், நியூயார்க்கில் தம் வீட்டில் பியானோ வாசித்தபடியே கேசட்டில் பாடிவைத்த குறைப்பாடல் இது. 1980 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவருடைய மனைவி யோகோ ஓனோ அந்த ஒலிநாடாக்களை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அவற்றிலிருந்த வேறு இரண்டு பாடல்களை குழுவில் எஞ்சிய மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் மூவரும் முடித்து 1995, 1996 ஆண்டுகளில் வெளியிட்டார்கள். இந்தப் பாடல் மட்டும் பாதியில் நின்றது. நாடாவில் மின்சார இரைச்சல் இருந்தது. அதைவிடப் பெரிய இடையூறு, பியானோ எழும் இடங்களில் குரல் அதற்குள் அமுங்கிப்போனது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, கேசட்டில் பதிந்து வாங்கிக் கேட்ட மதுரைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரே தடத்தில் ஒன்றாகப் பதிந்துவிட்ட குரலையும் வாத்தியத்தையும் அன்றைய கருவிகளால் பிரிக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும்.

2021இல் வெளியான பீட்டில்ஸ் ஆவணத் தொடருக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள்தான் அந்தத் தடையை நீக்கியது. மனிதக் குரல் எப்படி ஒலிக்கும், பியானோ எப்படி ஒலிக்கும் என்று கணினிக்குப் பயிற்சி அளித்து, கலந்து கிடக்கும் ஒலியிலிருந்து ஒவ்வொன்றையும் தனியே எடுக்கும் முறை அது. ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் செய்திகளில் அடிபட்டதும், எங்கள் வட்டத்தில் வயதில் இளையவரான ஒருவர் கொதித்துப் போனார். “அண்ணே, செத்தவங்க குரல மெஷின வச்சுப் பாட வைக்கிறாங்க. நாளைக்கு டி.எம்.எஸ். குரல்லயும் புதுப் பாட்டு போட்ருவாங்கல்ல?” என்று அவர் கேட்டார். மதுரையில் பிறந்து, முனிச்சாலையில் சிலையாக நிற்கும் பாடகரைச் சொல்லிக் கேட்டதால், அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி தைத்தது.

அவருடைய அச்சம் நியாயமானது; ஆனால் இந்தப் பாடலுக்கு அது பொருந்தாது. 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கணினியின் உதவியால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தினரின் அனுமதியுடன், உரிய ஊதியமும் கொடுத்தே அதைச் செய்ததாக விளக்கமும் தந்தார். அங்கே அந்தப் பாடகர்கள் தம் வாழ்நாளில் பாடியிராத ஒரு பாடல் அவர்களின் குரலில் உருவாக்கப்பட்டது. ‘நௌ அண்ட் தென்’ பாடலிலோ லெனன் பாடாத எதையும் கணினி பாடவில்லை. அவர் அன்று விட்ட மூச்சும், சொல்லின் கடைசியில் குரல் தணியும் விதமும் அந்த நாடாவில் இருந்தவையே. மேலே படிந்திருந்த ஒலி மட்டும் விலக்கப்பட்டிருக்கிறது.

அப்படி விலக்கியதன் பயன் அசாதாரணமானது. தாள எண்ணிக்கையைச் சொல்லும் குரலை அடுத்துப் பியானோ தொடங்க, லெனன் பாட வருகிறார். ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து தமக்குத் தாமே பாடிக்கொள்வதைப் போன்ற நெருக்கம் அந்த முதல் வரிகளில் இருக்கிறது. பல்லவியில் மெக்கார்ட்னியின் முதிய குரல், நாற்பது வயதைத் தொடாத நண்பரின் குரலுக்கு அடியில் வந்து சேரும் இடம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. இளையவராக மறைந்தவர் இளையவராகவே பாட, உடன் பாடுபவர் மட்டும் மூத்துவிட்டார். 2001இல் மறைந்த ஜார்ஜ் ஹாரிசன் 1995இல் வாசித்துவைத்த கிட்டார் பகுதிகள் பாடலில் இருக்கின்றன. அவருக்கு அஞ்சலியாக, அவருடைய பாணியிலேயே ஒரு ஸ்லைடு கிட்டார் இடையிசையை மெக்கார்ட்னி வாசித்திருக்கிறார். ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் அளவறிந்தது. வயலின் கூட்டம் மட்டும் பின்பாதியில் தேவைக்கு மேல் பெருகிவிடுகிறது. அவ்வளவு பாடுபட்டுத் தெளிவாக்கிய குரலை மீண்டும் எதற்காக மூட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. 1966, 1969 ஆண்டுகளில் குழு பதிவு செய்த பழைய பாடல்களின் கோரஸ் குரல்களைப் பின்னணியில் இழைத்திருப்பதும், தெரிந்தவர் காதில் விழும் அளவுக்கு நுட்பமாக அமைந்தாலும், நினைவூட்டலைத் தாண்டி எதையும் சேர்க்கவில்லை.

இனி, உண்மையான குறைக்கு வருகிறேன். லெனனின் மூல ஒலிப்பதிவில் பல்லவிக்கு முன்னால், சொற்கள் முழுமை பெறாத ஒரு இணைப்புப் பகுதி உண்டு. உன்னை இழக்க மனமில்லை என்று தொடங்கி, அடுத்துச் சொல்ல வந்ததைத் தேடித் தடுமாறும் பகுதி அது. மெட்டும் அந்த இடத்தில்தான் எதிர்பாராத திசையில் திரும்புகிறது. மெக்கார்ட்னி அதை முற்றிலுமாக நீக்கிவிட்டார். வரிகள் முடிவுறாமல் இருந்ததால் நீக்கினார் என்று வாதிடலாம். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அப்படித்தான் வாதிட்டார். முடியாத வரிகளை முடித்துக் கொடுப்பது இந்த இருவரும் இளமையில் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட வேலைதானே, ஐயா, என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்தத் தடுமாற்றம் போனதால், பல்லவி வந்து சேரும்போது இருக்க வேண்டிய விடுதலை இப்போது இல்லை. பாடல் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் மேடு ஏறி இறங்குவதில்லை.

ஒலிநாடாவின் தரம் பிடிக்காமல் ஹாரிசன் ஒதுக்கிய பாடலை, அவர் மறைந்த பிறகு முடித்தது முறையா என்ற கேள்வியும் எழுந்தது. அவருடைய குடும்பத்தின் சம்மதத்துடனேயே பாடல் வெளியானது என்பதும், அவர் குறை சொன்னது அன்றைய ஒலித்தரத்தைத்தான் என்பதும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. பாடல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது; 1969க்குப் பிறகு குழுவுக்கு அந்த இடம் கிடைத்தது அப்போதுதான். 2025இல் கிராமி விருதும் வந்தது. இவை எங்கள் வாதம் எதையும் தீர்த்துவைக்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இசைத்தட்டின் மறுபக்கத்தில் குழு 1962இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டுப் பாடலான ‘லவ் மீ டூ’, அதே பிரித்தெடுக்கும் முறையால் ஸ்டீரியோவாக மாற்றப்பட்டு இடம்பெற்றிருக்கிறது. மோனோவில் ஒட்டிக் கிடந்த ஹார்மோனிகாவும் குரல்களும் தனித்தனியே கேட்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் லெனனின் மூல ஒலிப்பதிவை, இரைச்சல் நீக்கி, வெட்டாமல் வைத்திருந்தால் இந்தத் தட்டின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்திருக்கும். வெளியீட்டாளர்கள் இனியாவது அதை முறைப்படி வெளியிட வேண்டும்.