காரைக்குடிப் பக்கம் கட்டிக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள்

எங்க அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குகிற வேலை. போன வருஷம் ஆடியில், "உட்காந்தா இடது தொடைக்குப் பின்னால என்னமோ உறுத்துதுப்பா" என்றார். தொட்டால் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை.

காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப் போனேன். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படியான பதிவுச் சான்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தே நம்பிவிட்டேன். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஸ்கேனை ஒழுங்காகப் பார்ப்பார்கள் என்பதற்கு அந்தச் சான்று உத்தரவாதம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

உள்ளே ஒரு பையன்தான் இருந்தான். ஸ்கேன் எடுக்க உடம்பின் மேல் வைக்கிற கைக்கருவிக்குப் புரோப் என்று பெயர். வயிற்றுக்கு வைக்கும் அந்த வளைந்த புரோபையே தொடையிலும் வைத்தான். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, "சாதா கொழுப்புக் கட்டி ஐயா, பயப்படாதீங்க" என்று ஜெல்லைத் துடைக்கப் பேப்பரைக் கொடுத்தான். டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் ரிப்போர்ட்டில் இருந்தது.

நாங்களும் எட்டு மாசம் சும்மா இருந்துவிட்டோம்.

பங்குனியில் கட்டி பெரிதானது கண்ணுக்கே தெரிந்தது. மதுரையில் ஒரு சர்ஜன் அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, காலைக் கையால் எதிர்த்துப் பிடித்தார். அதுவரை விரலுக்குக் கொஞ்சம் நழுவிய கட்டி அப்படியே இறுகி நின்றது. "இது தோலுக்கடியில இல்ல, தசைக்குள்ள இருக்கு" என்றார். பிறகு பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார். கட்டி எத்தனை சென்டிமீட்டர், தசையை மூடிய உறைக்கு மேலா கீழா, ரத்த ஓட்டம் உண்டா, எதுவும் அதில் இல்லை. படத்தின் ஓரத்து அளவுகோல் 16 செ.மீ. ஆழம் காட்டியது. வயிற்றுக்கு வைத்திருந்ததை மாற்றவே இல்லை. டாப்ளர் பார்த்திருந்தால் வரவேண்டிய வண்ணம் எந்தப் படத்திலும் இல்லை. காசு மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

மதுரையில், தோலுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டும் நேர்விளிம்புப் புரோபால் டாக்டரே இருபது நிமிஷம் பார்த்தார். 7.2 செ.மீ., உறைக்குக் கீழே, உள்ளே ரத்த ஓட்டம். 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, ஆழத்தில் இருந்தாலோ ஸ்கேனோடு நிறுத்தக் கூடாதாம். எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். கட்டி புற்றாக இருந்து, தெரியாமல் வெட்டினால் புற்றணுக்கள் சுற்றியுள்ள சதையிலும் பரவி, அடுத்த ஆபரேஷன் இன்னும் பெரிதாகிவிடும் என்றார். நாங்கள் ஊரில் வெட்டச் சொல்லாமல் இருந்தது ஒன்றுதான் நல்ல காலம்.

துணுக்குப் பரிசோதனையில் சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு போன்ற சதைகளில் வரும் புற்றுநோய் என்று வந்தது. வலி இல்லாததால் ஆபத்தில்லை என்றே நினைத்திருந்தோம்.

சென்டரில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தாண்ணே" என்றார்கள். அப்படியானால் எங்களைப் போல் எத்தனை பேர் வீட்டில் அந்தக் காகிதம் கிடக்கிறதோ! பீரோவில் இருந்தால் இன்றைக்கே எடுங்கள். அளவும் ஆழமும் எழுதாமல் 'கொழுப்புக் கட்டி' என்று மட்டும் இருந்து, கட்டியும் வளர்ந்திருந்தால், வேறு டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு வரும் புதன்கிழமை ஆபரேஷன்.