முகத்திலேயே நுரை: சின்ன பிரஷ்களோடு நாலு வருடம்

நான் முதலில் வாங்கிய ஷேவிங் பிரஷ் 28 மி.மீ. பெரிசாக இருந்தால் நுரையும் நிறைய வரும் என்று கணக்குப் போட்டேன். வராமல் இல்லை. காது மடலில் வந்தது, மூக்குத் துவாரத்தில் வந்தது, மீசை முழுக்க வந்தது. மீசையைத் துடைத்து, அதன் ஓரம் எங்கே என்று கண்ணாடியில் தேடி முடிப்பதற்குள் கன்னத்து நுரை காய்ந்திருக்கும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு 20 மி.மீ. பிரஷ்ஷுக்கு மாறினேன். அதற்குப் பிறகு பெரிய பிரஷ் பக்கம் போகவில்லை.

கிண்ணத்தில் நுரை அடித்து எடுத்துப் பூசுகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அவர்களுக்கு பிரஷ் மத்து மாதிரி. பெரிசாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். என்னைப் போல முகத்தில் நேரடியாக சோப்பைத் தேய்த்து, அங்கேயே நுரை எழுப்புகிறவனுக்கு மேலுதட்டின் மூன்று விரல் அகலத்துக்குள் திரும்பக்கூடிய பிரஷ் வேண்டும்.

பிரஷ் அளவு என்றால் பெரும்பாலும் குஞ்சத்தின், அதாவது முடிக்கற்றையின், அடிவிட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 24, 26 நடுத்தரம். 22-க்குக் கீழே வந்தால் சின்னது. 20-க்கும் 28-க்கும் வித்தியாசம் எட்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் பெரியது சின்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முடியும் அவ்வளவு அதிகம், அது குடிக்கும் தண்ணீரும் சோப்பும் அவ்வளவு அதிகம்.

விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கியது என் அடுத்த தப்பு. அந்த 20 மி.மீ. பிரஷ் பேட்ஜர் என்ற விலங்கின் முடியால் ஆனது, முடி உயரம் 58 மி.மீ. நனைந்ததும் பழைய துடைப்பம் போலத் துவண்டது. தாடையில் வைத்து அழுத்தினால் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும், சோப்பு அசையாது. அப்புறம் அதே விட்டத்தில், 47 உயரத்தில் ஒன்று கிடைத்தது. முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. அழுத்தினால் விரிகிறது, விட்டால் எழுந்து நிற்கிறது. பேட்ஜரில் விட்டத்தைப் போல இரண்டேகால், இரண்டரை மடங்கு உயரம் என் முகத்துக்குச் சரி. இரண்டு மடங்குக்கும் கீழே போனால் பல் துலக்கும் பிரஷ்ஷால் கன்னத்தைத் தேய்ப்பது போல இருக்கும். இன்னொன்று, முடியை ஒட்டியிருக்கும் பசை கைப்பிடிக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று குஞ்சத்தின் அடியைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், எழுதியிருக்கும் உயரத்தில் அந்த அளவுக்கு முடி வளையாது.

பன்றி முடிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது தடிமனான முடி, கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் வளையும். என்னிடம் இருப்பது 21 மி.மீ. விட்டம், 54 உயரம். முதல் வாரம் ஈரமான தோல் வாடை. முதல் மாதம் கன்னம் எரிந்தது. தூக்கிப் போடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாவது மாதம் ஒரு நாள் காய்ந்த பிரஷ்ஷை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக, சிலது மூன்றாகப் பிளந்து பஞ்சு போல நின்றது. அடியில் அதே விறைப்பு, நுனியில் மட்டும் மென்மை. பன்றி முடி பழகுவது என்று சொல்வது இதைத்தான். புது பேட்ஜரில்கூட எனக்கு அந்தச் சுகம் கிடைக்கவில்லை. ஆனால் பயன்படுத்துவதற்கு முன் நாலைந்து நிமிடம் தண்ணீரில் ஊற வேண்டும், அவசர நாளில் அதுதான் இடைஞ்சல்.

அவசர நாளுக்கு சிந்தெடிக், அதாவது செயற்கை இழை பிரஷ், 22 மி.மீ. ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும், பையில் போட்டு எடுத்துப் போகலாம். குறை என்னவென்றால் தண்ணீரைப் பிடித்து வைக்காது, அழுத்தியதும் மொத்தமாக விட்டுவிடும். ஸ்பிரிங் போலத் துள்ளுவதால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். குதிரை முடி பிரஷ் நான் வைத்துக்கொண்டதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடி பிரஷ்களால் படைவீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் வந்த கதையைப் படித்தது காரணம் இல்லை. இப்போது முடியைச் சுத்திகரித்துத்தான் கட்டுகிறார்கள். மூன்றுக்கு மேல் வைக்க ஸ்டாண்டில் இடமில்லை, அவ்வளவுதான்.

சின்ன பிரஷ்ஷில் தண்ணீர்தான் சூட்சுமம். பிரஷ்ஷை இரண்டு தடவை உதறி, ஈர முகத்தில் குச்சி சோப்பைத் தேய்த்துவிட்டு வட்டமாகச் சுற்ற ஆரம்பிப்பேன். முதலில் வருவது நுரையே இல்லை, கெட்டியான பசை. நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மறுபடி சுற்றினால் பசை இளகும். மூன்றாவது தொடலில் குமிழெல்லாம் அடங்கி, தயிர் ஆடை போலப் பளபளப்பு வரும். அங்கே நிறுத்திவிட்டு, சுவருக்கு வண்ணம் பூசுவது போல மேலும் கீழுமாக நாலு இழு. பெரிய பிரஷ் ஒரே முக்கில் குடித்துக்கொண்டு வரும் தண்ணீருக்கு இந்த நிதானம் கிடையாது. நுரை போதாது என்பார்கள். எனக்கு மூன்று சுற்று மழிக்கப் போதுமானதாக இருக்கிறது, சில நாள் மிச்சமும் இருக்கிறது.

ஒரு நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பேட்ஜர் பிரஷ் ஒன்றரை வருடத்தில் நடுவில் முடி உதிர ஆரம்பித்தது. தயாரிப்பைக் குறை சொல்ல முடியாது, தப்பு என் கையில். சின்னதுதானே என்று கைப்பிடி கன்னத்தில் முட்டும் வரை அழுத்திச் சுற்றிக்கொண்டிருந்தேன். அடியில் மடங்கிய முடி அங்கேயே ஒடிகிறது. நுனி விரியும் அளவுக்கு அழுத்தினால் போதும். அடர்த்தியான சின்னக் குஞ்சம் நடுவில் காய்வதற்கும் நேரம் எடுக்கும். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும், விரித்தால் உள்ளே ஈரம். அதனால் இயற்கை முடி பிரஷ்ஷுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறேன்.

கைப்பிடி குட்டையாக இருப்பது நல்லதுதான், ஆனால் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். உருளையாக இருந்த ஒன்று சோப்புக் கையிலிருந்து வழுக்கித் தொட்டியில் விழுந்து விளிம்பு தெறித்தது. அந்தச் சில்லு போன பிரஷ்தான் பன்றி முடி. விரல் இப்போது அந்தப் பள்ளத்தைத் தேடிப் போய் உட்காருகிறது, வழுக்குவதும் நின்றுவிட்டது.